நாற்பத்தொன்றாம் நாள்: கிறிஸ்தவ மீட்புக் குழு என்றால் என்ன?

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, வந்தால் சில வீடுகளில் ஒரு மாற்றம் தெரியும். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வரும் ஆண்களில் சிலர் அன்றோடு குடியை நிறுத்திவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் தொடாமல் இருப்பது மாதிரிதான். ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களிலும் இந்த வகை உண்டு. அந்த நாட்களில் கூலி முழுசாக வீட்டுக்கு வரும். ராத்திரியில் பாத்திரம் பறக்காது. அப்புறம் ஈஸ்டர் வரும். பூசை முடியும், பிரியாணி வேகும், பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் ஏறும்.

எங்கள் சித்தப்பா இதில் கெட்டிக்காரர். ஒரு தவக்காலத்தில்கூடத் தவறியதில்லை. சித்தி வருஷா வருஷம் கேட்பது ஒரே கேள்விதான்: “நாப்பது நாள் இருக்க முடியுதுல்ல, நாப்பத்தோராவது நாள் மட்டும் ஏன் முடியல?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி உட்காரும் கூட்டம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம். இங்கே அதற்கு ஒரே பெயர் கிடையாது. மீட்புக் குழு என்பார்கள், ஆதரவுக் குழு என்பார்கள், ஆங்கிலப் பெயரையே சொல்லி ‘ரிக்கவரி மீட்டிங்’ என்றும் சொல்வார்கள். குடி, கஞ்சா, மாத்திரை, சூதாட்டம், ஆன்லைன் ரம்மி என்று ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டவர்களும், பழக்கம் எதுவும் இல்லாமல் துக்கம், கோபம், சின்ன வயதில் பட்ட காயம் என்று உள்ளுக்குள் புழுங்குகிறவர்களும் வாரத்தில் ஒரு சாயங்காலம் கூடுவார்கள். நடுவில் வேதாகமம் இருக்கும். ஆளாளுக்குத் தன் கதையைச் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். அடிப்படை இவ்வளவுதான்.

இது ஜெபக்கூட்டம் இல்லை. ஒருவர் தலையில் கை வைத்து இன்னொருவர் “விடுதலை” என்று முழங்கும் இடமும் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. ஆளைத் தூக்கிக்கொண்டு போய் ஆறு மாதம் அடைத்து வைக்கும் ‘இல்லம்’ சத்தியமாக இல்லை. வருகிறவர்கள் ராத்திரி தத்தம் வீட்டுக்குத்தான் போவார்கள்.

சுவரோடு சுவராக வீடுகள் ஒட்டியிருக்கிற நம் தெருக்களில் ஒருவன் குடிக்கிறான் என்பது ரகசியமே இல்லை. எந்தச் சந்தில் விழுந்து கிடந்தான், எந்த நகை எந்த அடகுக்கடையில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அவனைப் பற்றி ஊரே பேசியிருக்கும். ஆனால் அவன் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான். பேச இடம் இருந்ததில்லை. வீட்டில் வாயைத் திறந்தால் சண்டை, சர்ச்சில் திறந்தால் பிரசங்கம், நண்பர்களிடம் திறந்தால் இன்னொரு குவார்ட்டர். ஒருவன் தன்னைப் பற்றிய உண்மையைத் தன் வாயால் சொல்ல ஒரு இடத்தை உண்டாக்கித் தருவதுதான் இந்தக் குழுக்கள் செய்கிற வேலை என்பது என் கணிப்பு. மற்றதெல்லாம் அந்த இடத்துக்குப் போட்ட வேலி.

எங்கிருந்து வந்தது?

1935 மே மாதம். அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் மேஃப்ளவர் என்ற ஓட்டல். நியூயார்க்கிலிருந்து வந்த பில் வில்சன் என்பவர் முன்கூடத்தில் நிற்கிறார். வந்த வியாபாரம் கெட்டுவிட்டது. அவர் குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி, அதன் அருகே உள்ளூர் ஆலயங்களின் பட்டியல். பாருக்குப் போகாமல் ஒரு போதகருக்குப் போன் போட்டார். அவர் கேட்டது ஜெபம் அல்ல. பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைக் கேட்டார். இன்னொருவனைக் காப்பாற்றப் பேசினால்தான் தான் தப்பிக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

அப்படிச் சுற்றிவளைத்துக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். பதினைந்து நிமிஷம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், ராத்திரி பதினோரு மணி தாண்டித்தான் எழுந்தார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10 என்று சொல்வார்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நம் ஊரில் சுருக்கமாக ‘ஏஏ’, தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான்.

இவர்கள் இருவரும் அப்போது ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு தொடர்பில் இருந்தவர்கள். குற்றத்தை ஒப்புக்கொள், யாரைக் காயப்படுத்தினாயோ அவரிடம் போய்ச் சரிசெய், கடவுளிடம் ஒப்படை என்பதெல்லாம் அங்கே கற்றதுதான். ஆரம்பகால ஆக்ரன் ஆட்கள் மலைப்பிரசங்கத்தையும் யாக்கோபின் நிருபத்தையும் அடிக்கடி வாசித்தார்கள். ஆனால் குடிக்கு மதமில்லை என்பதும் அவர்களுக்குச் சீக்கிரமே புரிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு குழுவிலிருந்து பிரிந்தார்கள். 1939-ல் குடியிலிருந்து மீளும் வழியைப் பன்னிரண்டு படிகளாக அச்சில் கொண்டுவந்தபோது, “நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்” என்று எல்லாருக்கும் பொதுவாக எழுதினார்கள். ஏஏ இன்றும் அப்படித்தான். இந்தியாவுக்கு அது 1957-ல் வந்தது. கூட்டம் சர்ச் வளாகத்து அறையில் நடந்தாலும் ஏஏ சர்ச்சைச் சேர்ந்தது கிடையாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அரை நூற்றாண்டுக்கு அப்புறம் இதே சரக்கு மறுபடியும் சர்ச்சுக்குள் வந்தது. (மன்னிக்கவும், வேறு சொல் கிடைக்கவில்லை.) கலிஃபோர்னியாவில் ஜான் பேக்கர் என்ற வியாபாரி குடியால் குடும்பத்தைப் பிரிந்து, ஏஏ மூலம் மீண்டவர். அவர் பிரச்சினை வேறு மாதிரி. ஏஏ கூட்டத்தில் இயேசு என்று வெளிப்படையாகச் சொன்னால் அங்கே கேலி, சர்ச்சில் குடி என்று வெளிப்படையாகச் சொன்னால் இங்கே சங்கடம். பாதி உண்மையை ஒரு இடத்திலும் மீதியை இன்னொரு இடத்திலும் பேச வேண்டியிருந்தது. தன் சபைப் போதகர் ரிக் வாரனுக்குப் பதின்மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். சரி, நீங்களே செய்யுங்கள் என்றார் போதகர். 1991 நவம்பரில் நாற்பத்து மூன்று பேரோடு ‘செலிப்ரேட் ரிக்கவரி’ தொடங்கியது. இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான சபைகளில் அந்த முறை புழங்குகிறது. கிறிஸ்தவ மீட்புக் குழு என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் இந்த அச்சில் வார்த்ததாகத்தான் இருக்கும்.

அவர் செய்த மாற்றம் இரண்டு. பன்னிரண்டு படிகளுக்கும் வேத வசனங்களை இணைத்தார். மலைப்பிரசங்கத்தின் தொடக்க வசனங்களிலிருந்து எட்டு கொள்கைகளை எடுத்தார். நம் ஊர் புராட்டஸ்டன்ட்டுகள் “பாக்கியவான்கள்” என்றும் கத்தோலிக்கர்கள் “பேறுபெற்றோர்” என்றும் சொல்கிற அதே பகுதி. “ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள்” என்பதற்கு இங்கே கொடுக்கிற பொருள் நேரடியானது: நான் கடவுள் இல்லை, என் பழக்கம் என் கையை மீறிவிட்டது என்று ஒப்புக்கொள்வது. இரண்டாவது மாற்றம், குடிக்கு மட்டும் என்று வைக்காமல் காயம், பழக்கம், மனச்சிக்கல் எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்தது. அதனால்தான் இதே கூட்டத்தில் குடிகாரருக்குப் பக்கத்து நாற்காலியில், கணவரை இழந்து மூன்று வருஷமாகத் தூங்காத ஒரு அம்மாவும் இருக்க முடிகிறது.

உள்ளே என்ன நடக்கும்?

சித்தப்பா முதன்முதலாகப் போனபோது துணைக்கு நானும் போனேன். காசிமேட்டுக்காரர் ராயபுரத்தில் உட்கார்ந்தால் விடிவதற்குள் செய்தி ஏலக்கூடத்துக்குப் போய்விடும் என்று பயந்தார். அதனால் பஸ் பிடித்துப் பெரம்பூர். புதிதாகப் போக நினைப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். சொந்தத் தெருவில் கூச்சமாக இருந்தால் நாலு ஸ்டாப் தள்ளிப் போங்கள், தப்பே இல்லை.

அது ஆலயத்துக்குப் பின்னால் ஒரு ஞாயிறு பள்ளி அறை. சுவரில் குழந்தைகள் வரைந்த நோவாவின் பேழை, ஒட்டகச்சிவிங்கி ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். டீக்கடை பிளாஸ்க், பேப்பர் கப். சித்தப்பா பேழையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் காதில் சொன்னார்: “தண்ணி வடிஞ்சதும் இவரும் திராட்சத் தோட்டம் போட்டுக் குடிச்சு மயங்கினவர்தாண்டா.” ஆதியாகமத்தில் உள்ளதுதான். அந்த அறையில் உட்கார்ந்து சொன்னதால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் கொஞ்சம் பயம் விட்டுப்போனது.

முதலில் இரண்டு பாட்டு, ஒரு ஜெபம். அப்புறம் ஒரு வாரம் பாடம், ஒரு வாரம் சாட்சி. சாட்சி என்றால் ஒருவர் தன் கதையை முழுதாகச் சொல்வது. பிறகு ஆண்கள் தனி, பெண்கள் தனியாகப் பிரிந்து சிறு குழுக்கள். விஷயமே இந்தச் சிறு குழுதான். பேச ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு வாய்பாடு உண்டு. “இயேசுவை நம்புறேன். குடியோடவும் கோபத்தோடவும் போராடிட்டிருக்கேன்” என்று சொல்லிப் பெயரைச் சொன்னார் நடத்துகிறவர், ரிட்டயர்டு ஆனவர். “குடிகாரன்” என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன். ஏஏ-யில் “நான் ஒரு குடிநோயாளி” என்பார்கள். இங்கே முதலில் விசுவாசி, அப்புறம்தான் போராட்டம். எது சரி என்று இரண்டு தரப்பும் வாதாடுவார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை.

அடுத்து விதிகளை வாசிப்பார்கள், ஒவ்வொரு வாரமும், மறக்காமல். உன் கதையை மட்டும் பேசு, மூன்று முதல் ஐந்து நிமிஷத்துக்குள் முடி. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசாதே. யாரையும் திருத்த வராதே. இங்கே யார் வந்தார், என்ன சொன்னார் என்பது வெளியே போகக் கூடாது. கெட்ட வார்த்தை வேண்டாம். ரகசியத்துக்கு ஒரே ஒரு விலக்கு: ஒருவர் தன்னையோ இன்னொருவரையோ தாக்கப் போவதாகச் சொன்னால் நடத்துகிறவர் சும்மா இருக்க மாட்டார்.

கேட்க எளிதாக இருக்கிறதா? ஒரு பெரியவர் பேசினார். அவர் மகள் பேசி நாலு வருஷமாகிறது, பேரனுக்கு இவர் முகம் தெரியாது. முடித்துவிட்டுத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். உடனே எதிரே இருந்த புது ஆள், “நேரா போய் கால்ல விழுந்துடுண்ணா, பொண்ணுதானே, எல்லாம் சரியாயிடும்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நடத்துகிறவர் குரலை உயர்த்தாமல், “தம்பி, உங்க முறை வரும்போது உங்க கதை” என்றார். அவ்வளவுதான். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் டக் டக் என்று சத்தம் போட்டது.

அந்த அமைதி எனக்கு ஆகவே இல்லை. நமக்கு ஆறுதல் என்றாலே யோசனை சொல்வதுதானே. சாவு வீட்டில்கூட “ஆக வேண்டியதைப் பாரு” என்று சொல்லித்தான் தோளைத் தட்டுவோம். ஆனால் அந்தப் பெரியவருக்கு யோசனைக்கு என்ன பஞ்சம்? நாலு வருஷமாக அவர் தெரு முழுக்க அதைத்தான் சொல்லியிருக்கும். அவர் சொன்னதை ஆறு பேர் சும்மா கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருந்திருக்கும். அவர் முகத்தைப் பார்த்தபோது அப்படித்தான் தோன்றியது.

சில குழுக்களில் ஒரு நாள், முப்பது நாள், தொண்ணூறு நாள் என்று தாண்டியவர்களுக்கு நாணயம் மாதிரி ஒரு சின்ன வில்லை கொடுப்பார்கள். சில இடங்களில் கைதட்டல் மட்டும். நடுவில் மறுபடி குடித்துவிட்டால் கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும். ஆனால் அந்த முதல் நாள் வில்லைக்குத்தான் கைதட்டல் அதிகம். ராயபுரத்துக்குப் பெயர் கொடுத்த இராயப்பர் என்கிற பேதுரு, இயேசுவை மூன்று தடவை மறுதலித்தும் வெளியே தள்ளப்படாத மீனவர் என்பதை இந்தக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கலாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது ரொம்பவே ஒட்டும்.

ஐந்து கட்டம் போட்ட நோட்டு

வாராந்தரக் கூட்டம் வாசல்படிதான். வீட்டுக்குள் போவது படிப்புக் குழுவில். ஏழெட்டுப் பேர், பல மாதங்கள், பன்னிரண்டு படியையும் வரிசையாக எழுதிப் பார்ப்பார்கள். முதல் மூன்று படியில் ஒப்புக்கொள்ளலும் ஒப்படைத்தலும். வாயால் சொல்லிவிடலாம். நான்காவது படியில்தான் பலர் காணாமல் போவார்கள், ஏனென்றால் அங்கே கணக்கு எழுத வேண்டும்.

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுவார்கள். யார்? என்ன செய்தார்? அது என்னை என்ன செய்தது? எதெல்லாம் சேதமானது? இதில் என் பங்கு என்ன? சித்தப்பா மூலைக்கடையில் ஒரு நீள நோட்டு வாங்கினார், மீன் கணக்கு எழுதுகிற அதே வகை. அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். முதல் கட்டத்தில் முதல் பெயர் என் அப்பா. இரண்டாவதில், “படகுப் பங்கை என்னைக் கேட்காம வித்தாரு.” மூன்றாவதில், “கடலுக்குப் போறதையே விட்டேன்.” நாலாவதில் சித்தியின் தோடு, வளையல், அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை என்று நீளப் பட்டியல். ஐந்தாவது கட்டம் மூன்று வாரம் காலியாக இருந்தது. நாலாவது வாரம் எழுதினார்: “அந்தப் பங்கு மேல ஏற்கெனவே எட்டாயிரம் முன்பணம் வாங்கிக் குடிச்சிருந்தேன். அண்ணங்கிட்ட சொல்லல.”

பங்கை விற்றதற்குக் காரணமே அந்த முன்பணம்தான் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது என்றுதான் நினைத்தேன்.

எழுதியதை ஐந்தாவது படியில் இன்னொரு மனிதரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். கத்தோலிக்கர்கள் உடனே, “இது பாவசங்கீர்த்தனம்தானே” என்பார்கள். சாயல் உண்டு. “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு” என்ற யாக்கோபின் வரியைத்தான் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் கேட்பவர் குருவானவராக இருக்கத் தேவையில்லை. அவர் பாவமன்னிப்பும் கொடுப்பதில்லை. இதே பாதையில் சில வருஷம் முன்னால் நடந்த சக குடிகாரர் அவர். ‘ஸ்பான்சர்’ என்பார்கள், பணம் போடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குக் கை பரபரத்தால் போன் போட ஒரு ஆள்.

எட்டும் ஒன்பதும் ஈடுசெய்யும் படிகள். யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடம் நேரில் போய்ச் சரிசெய்வது. போவதால் அவருக்கு இன்னும் கெடுதல் வரும் என்றால் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு. இந்த இடத்தில் எனக்கு மாட் டால்பட் ஞாபகம் வரும். டப்ளின் துறைமுகப் பக்கத்துக் கூலித் தொழிலாளி. பன்னிரண்டு வயதில் குடிக்கத் தொடங்கி 1884-ல், இருபத்தெட்டு வயதில் விட்டவர். அவரும் ஒரேயடியாகச் சத்தியம் செய்யவில்லை, முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும்தான். குடிக்கிற காலத்தில் ஒரு பிடில் வித்துவானின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்திருந்தாராம். திருந்தியபின் அந்த ஆளைத் தேடி ஊரெல்லாம் அலைந்தும் கிடைக்காமல், அந்தப் பணத்தை அவர் ஆன்மாவுக்குப் பூசை வைக்கக் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1925-ல் இறந்தார், 1975-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் (புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு நிலை) என்று அறிவித்தது. அவர் காலத்தில் ஏஏ இல்லை, பன்னிரண்டு படியும் இல்லை.

சித்தப்பாவுக்கு அலைச்சல் இல்லை, இரண்டு தெருதான். ஒரு ஞாயிறு மத்தியானம் நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, அப்பா முன்னால் ஐந்து கட்டத்தையும் வாசித்தார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: “எட்டாயிரமா? நான் பத்துன்னு நெனச்சேன்.” அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

ஜெபம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்தான காரியம். கடைசிக் குடிக்கு அப்புறம் ஒரு நாளைக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். இரண்டு நாளைக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். நாற்பது நாள் சிரமமில்லாமல் நிறுத்துகிறவர்களும் உண்டு. அதை வைத்து எல்லாரையும் அளக்கக் கூடாது.

சித்தப்பா மீட்புக் குழுவுக்குப் போவதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஜெபவீட்டில் மூன்று நாள் உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப்போனார்கள். மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று தட்டிவிட ஆரம்பித்தார். அங்கிருந்தவர்கள் பிசாசு வெளியேறுகிறது என்று இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள். பார்க்க வந்த பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காதான், “பிசாசும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஆட்டோவைக் கூப்பிடுங்க” என்றார். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பெரிய பேச்செல்லாம் இல்லை, சத்து ஊசி, நடுக்கத்துக்கு மாத்திரை, தண்ணீர். நாலு நாளில் ஆள் தெளிந்தார். அந்த ஜெபவீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாமலே ஒரு உயிரை வைத்து விளையாடினார்கள்.

எனவே வரிசை இதுதான்: முதலில் டாக்டர், அப்புறம் குழு. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 1794-லிருந்து இருக்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் உண்டு. “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்பதை வசவாக்கி வைத்திருப்பதால் நாம் அந்த வாசலை மிதிக்கப் பயப்படுகிறோம், அது நம் தப்பு. தென்சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தபின் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்தத் துறையில் நாட்டுக்கே முன்னோடி. மும்பை பாந்திராவில் ஜோ பெரேரா என்ற குருவானவர் 1981-ல் ஆரம்பித்த கிருபா ஃபவுண்டேஷனும் அப்படித்தான். தானே குடிநோயிலிருந்து மீண்ட அந்தக் குருவானவர் பன்னிரண்டு படியோடு யோகாசனத்தையும் சேர்த்துக்கொண்டார். சாமியாரே ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, இந்தக் கூட்டங்களால் உண்மையிலேயே பலன் உண்டா? ஏஏ பற்றியும் அதன் படிகளை வைத்துச் செய்யும் சிகிச்சை பற்றியும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2020-ல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற மனநலச் சிகிச்சைகளுக்கு இது குறைந்ததில்லை, சில கணக்கில் கூடுதல் என்று வந்தது. ஆனால் அது ஏஏ முறையைப் பற்றிய ஆய்வு. வேத வசனம் சேர்ந்த குழுக்களுக்கு அதே எண்ணை அப்படியே ஒட்டிச் சொல்வது நேர்மையில்லை.

வீட்டில் இருப்பவர்கள், வேறு மதத்தவர்கள்

குடிகாரர் ஒருவர் என்றால் அவரைச் சுற்றி வியாதிப்பட்டவர்கள் நாலு பேர். சித்தி பத்து வருஷமாகச் செய்த வேலைகளைக் கேளுங்கள்: சட்டைப்பையைத் துழாவுவது, கடன்காரனிடம் “அவர் ஊர்ல இல்ல” என்பது, மேஸ்திரிக்குப் போன் போட்டு “காய்ச்சல்” என்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை வந்தால் விசைப்படகுக்காரர்களும் அவர்களை நம்பிய கூலி ஆட்களும் கரையில்தான். அந்த இரண்டு மாதமும் அவருக்குக் காவல் இருப்பதே சித்திக்கு முழுநேர வேலை. அவர் குடிக்காத நாளில்கூடச் சித்திக்குத் தூக்கம் வராது. தான் காவல் இருப்பதால்தான் அவர் பிழைத்திருக்கிறார் என்று சித்தி நம்பினார். பெண்கள் குழுவில் அவர் முதலில் கற்றது, மேஸ்திரிக்குப் போன் போடாமல் இருப்பது. கேட்கச் சின்னதாக இருக்கும். அன்றைக்கு அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். குடும்பத்தாருக்கென்று ஏஏ-யின் பக்கத்தில் ‘அல்-அனான்’ 1951-லிருந்தே இருக்கிறது. கிறிஸ்தவக் குழுக்களில் அது அதே கூரையின் கீழ் இன்னொரு வட்டமாக இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. மன்னிப்பு என்ற சொல் இந்தக் கூட்டங்களில் நிறையப் புழங்கும். அடி வாங்குகிற பெண்ணிடம் “மன்னிச்சிட்டு வீட்டுக்குப் போம்மா” என்று எந்தக் குழுவாவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடலாம். மன்னிப்பது வேறு, அடி வாங்கத் திரும்பிப் போவது வேறு. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இருக்கிறது, 181 என்ற எண்ணும்தான். அதேபோல, காசு கேட்டால், டாக்டர் கொடுத்த மாத்திரையை விசுவாசத்தோடு தூக்கிப்போடு என்றால், சாட்சி சொல்வதை வீடியோ எடுத்து வெளியிட்டால், எழுந்துவிடுங்கள். ‘இல்லம்’ என்ற பெயரில் ஆளைச் சங்கிலியால் கட்டி வைப்பது 2017 மனநலச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஜெபத்துக்கு நடுவில் செய்தாலும் தடைதான்.

கிறிஸ்தவர் அல்லாதவர் போகலாமா? பொதுவாக யாரையும் வாசலில் நிறுத்திக் கேட்பதில்லை, ஞானஸ்நானச் சான்றிதழும் கேட்பதில்லை. ஆனால் உள்ளே பாட்டும் ஜெபமும் இயேசுவின் பெயரில்தான் இருக்கும். அதை மறைத்துக் கூப்பிடுவது சரியில்லை. அது ஒட்டாது என்றால் ஏஏ இருக்கிறது, அங்கே காளியம்மனும் செல்லும், கடவுளே வேண்டாம் என்பவரும் உட்காரலாம். சித்தப்பாவின் குழுவில் வியாசர்பாடியிலிருந்து ஒருவர் திருநீறோடுதான் வருகிறார். பாட்டுக்கு மட்டும் வெளியே நின்று டீ குடிப்பார், பேச்சுக்கு உள்ளே வந்துவிடுவார்.

போக வேண்டும் என்று தோன்றினால் அருகிலுள்ள ஆலய அலுவலகத்திலோ மருத்துவமனை மனநலப் பிரிவிலோ விசாரியுங்கள். போதைப் பழக்கத்துக்கு 14446, மன உளைச்சலுக்கு 14416, இரண்டும் அரசின் இலவச எண்கள். ராத்திரியில் விபரீத எண்ணம் வந்தால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே போன் போடுங்கள்.

முதல் நாள் குடித்துவிட்டுப் போனால் பெரும்பாலான குழுக்களில் உட்கார விடுவார்கள், பேச விடமாட்டார்கள். குடிக்காமல் போனாலும் பேசியே ஆக வேண்டும் என்று கிடையாது. முறை வரும்போது “இன்னைக்குக் கேக்க மட்டும் வந்தேன்” என்றால் போதும், அடுத்த நாற்காலிக்குப் போய்விடும். சித்தப்பா அப்படிச் சொல்லியே ஐந்து வெள்ளிக்கிழமை ஓட்டினார்.